கோடிங் தெரியாதவர் செய்யும் ஸ்மார்ட் கண்ணாடி

சுவரில் ஒரு கண்ணாடி. முகம் பார்க்கலாம், தலை வாரலாம். அதே கண்ணாடியின் மேல் ஓரத்தில் மணி ஓடுகிறது. கீழே, இன்றைக்கு மழை உண்டா, பிள்ளைக்குப் பரீட்சை என்றைக்கு என்பதெல்லாம் வெள்ளை எழுத்தில் தெரிகிறது. இதைத்தான் ஸ்மார்ட் கண்ணாடி என்கிறார்கள். வீட்டிலேயே செய்துகொள்ளலாம், கோடிங் ஒரு வரிகூடத் தெரிய வேண்டாம் என்று சொல்லும் வீடியோக்கள் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை? மும்பையில் தாராவியிலோ மாட்டுங்காவிலோ செம்பூரிலோ குடியிருக்கும் ஒரு குடும்பம் இதைச் செய்துவிட முடியுமா? முடியுமென்றாலும், இது வேண்டுமா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் ஆகக் குறைந்த தொல்லை கோடிங்தான். ஆளைப் படுத்துபவை மூன்று: கண்ணாடி, வெளிச்சம், திரை. இவற்றைப் பற்றி வீடியோக்கள் அரை நிமிடம் பேசிவிட்டு நகர்ந்துவிடுகின்றன.

சாதாரண முகக்கண்ணாடியின் முதுகில் வெள்ளியையோ அலுமினியத்தையோ கெட்டியாகப் பூசி, அதன் மேல் பெயின்ட் அடித்திருப்பார்கள். ஒளி அந்தப் பக்கம் போக வழியே இல்லை. கண்ணாடியில் வெள்ளியைப் படியவைக்கும் வேதிமுறையை ஜெர்மனியின் ஜஸ்டஸ் வான் லீபிக் 1835இல் கண்டறிந்தார். அந்தப் பூச்சையே மிக மெல்லியதாக்கிவிட்டால், விழும் ஒளியில் ஒரு பங்கு திரும்பும், ஒரு பங்கு ஊடுருவும். இப்படி ஊடுருவும் கண்ணாடிக்கு 1903 பிப்ரவரியில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் எமில் பிளாக். ரஷ்யப் பேரரசின் குடிமகன், அப்போது சின்சினாட்டியில் வசித்தவர். சினிமாவில் போலீஸ் விசாரணை அறைக் காட்சியில் நாம் பார்க்கும் கண்ணாடி இதுவே. வெளிச்சத்தில் நிற்பவருக்கு அது கண்ணாடி, இருட்டில் நிற்பவருக்கு ஜன்னல்.

ஸ்மார்ட் கண்ணாடியில் அந்த இருட்டுப் பக்கம் ஒரு திரை உட்கார்ந்திருக்கிறது. திரையில் கறுப்பாக உள்ள இடமெல்லாம் கண்ணாடியாகவே இருக்கும், வெள்ளை எழுத்து மட்டும் வெளியே வரும். எழுத்தை இடவலமாகத் திருப்ப வேண்டுமா என்று பலர் கேட்பதுண்டு. வேண்டியதில்லை. எழுத்து கண்ணாடியில் பட்டுத் திரும்பி வருவதல்ல, நேராக ஊடுருவி வருவது.

வீட்டில் செய்யும் வழக்கம் உலகமெங்கும் பரவியது 2014க்குப் பிறகு. நெதர்லாந்துக்காரரான மைக்கேல் டேயூ, நியூயார்க்கின் மேசிஸ் கடையில் ஒரு கண்ணாடிக்குள் எரிந்த எழுத்தைப் பார்த்தார். ஊருக்குத் திரும்பியதும் ஒரு பழைய மானிட்டர், மரச்சட்டம், ராஸ்பெரி பை ஆகியவற்றைக் கொண்டு தனக்கொன்று செய்தார். ராஸ்பெரி பை என்பது 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலர் விலையில் விற்பனைக்கு வந்த, ஏடிஎம் அட்டை அளவே உள்ள கணினி. டேயூ செய்த மென்பொருளுக்கு மேஜிக் மிரர் என்று பெயர். 2016இல் அதைப் புதிதாக எழுதி, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்று திறந்துவிட்டார். அதே ஆண்டு, ராஸ்பெரி பைக்கான மேக்பை இதழ் தன் 50ஆவது இதழுக்காக வாசகர்களைச் சிறந்த 50 செய்முறைகளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, முதலிடம் இதற்கே கிடைத்தது. கூகுள் பொறியாளர் மேக்ஸ் பிரவுன் தன் குளியலறை அலமாரிக் கதவில் இப்படியொன்றைப் பொருத்தி, படத்தோடு எழுதியதும் 2016இன் தொடக்கத்தில்தான். இருவரும் கணினி வேலை தெரிந்தவர்கள். "எல்லோராலும் முடியும்" என்ற பேச்சு அதற்குப் பிறகு வந்தது.

கோடிங் வேண்டாம் என்றால் என்ன பொருள்?

மேஜிக் மிரரை நிறுவ நிரல் எழுத வேண்டாம் என்பது உண்மை. ராஸ்பெரி பை இமேஜர் என்ற இலவச மென்பொருளே மெமரி கார்டில் இயங்குதளத்தை ஏற்றித் தந்துவிடும். பிறகு டெர்மினல் என்ற கறுப்புச் சன்னலைத் திறந்து, சில கட்டளைகளை நகலெடுத்து ஒட்டினால் மென்பொருள் வந்து அமர்ந்துவிடும். கடிகாரம், நாட்காட்டி, வானிலை, செய்தி, வாழ்த்து என்று பல தொகுதிகள் அதிலேயே இருக்கின்றன. நம் வேலை, கான்ஃபிக் என்ற ஒரே ஒரு கோப்பைத் திறந்து, எந்தத் தொகுதி திரையின் எந்த மூலையில் வர வேண்டும், எந்த ஊர் வானிலை வேண்டும் என்று நிரப்புவது மட்டுமே.

இங்கேதான் சிக்கல். அந்தக் கோப்பு நிரல் அல்ல, ஆனால் நிரலின் இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டது. திறந்த அடைப்புக்குறியை மூட வேண்டும், இரண்டு தொகுதிகளுக்கு நடுவே காற்புள்ளி வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் கடிகாரம்கூட வராது. கோப்பை வேர்டில் திறந்து திருத்தினால், நேராக நிற்க வேண்டிய மேற்கோள் குறி வளைந்துவிடும். கண்ணுக்கு அழகாக இருக்கும், மென்பொருளுக்குப் புரியாது. பிழை எந்த வரியில் என்று காட்டும் சோதனைக் கட்டளை மேஜிக் மிரரிலேயே உண்டு. ஆனால் அது காட்டும் ஆங்கிலச் செய்தியைப் பதறாமல் படிக்கத் தெரிய வேண்டும். ஆகவே, கோடிங் எழுதத் தெரிய வேண்டாம், பிழையைப் படிக்கத் தெரிய வேண்டும் என்று சொன்னால்தான் சரியாக இருக்கும்.

இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்டால் முழுக் கோப்பையும் எழுதித் தந்துவிடுமே என்பார்கள். தரும். அடைப்புக்குறியும் காற்புள்ளியும் சரியாகவே இருக்கும். ஆனால் இந்த மென்பொருள் மாறிக்கொண்டே இருப்பது. பழைய பதிப்பில் இன்றைய வானிலைக்கு ஒரு தொகுதியும் வரும் நாட்களுக்கு இன்னொன்றும் இருந்தன. பிறகு இரண்டும் ஒன்றாகிவிட்டன. பழைய பெயரில் எழுதித் தரப்பட்ட கோப்பு இன்று வேலை செய்யாது. "என்னிடம் உள்ள பதிப்பு இது, வந்த பிழை இது" என்று இரண்டையும் சேர்த்துக் கேட்பவருக்கு அந்தச் செயலிகள் நல்ல துணை. மற்றவர்களைச் சுற்றலில் விட்டுவிடும்.

கோடிங் படிக்காதவர்கள் கணினியை வேலை வாங்கிய கதைக்கு மும்பைக்காரர்கள் அயலூரைத் தேட வேண்டாம். தாராவியின் நயா நகரில் திரைப்படக்காரர் நவ்நீத் ரஞ்சன் 2014இல் தாராவி டைரி என்ற முயற்சியைத் தொடங்கினார். அங்கே வந்த பள்ளிச் சிறுமிகள் எம்ஐடி ஆப் இன்வென்டரைக் கற்றார்கள். அதில் நிரலைத் தட்டச்சு செய்ய வேண்டாம், வண்ணக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்தினால் செயலி உருவாகும். 2010இல் கூகுளில் பிறந்து, பின்னர் எம்ஐடிக்குப் போன கருவி அது. அந்தச் சிறுமிகள் செய்த செயலிகளில் ஒன்று, பெண்களுக்கு ஆபத்து நேரத்தில் உதவி கேட்பதற்கானது. இன்னொன்று 'பானி ஹை ஜீவன்'. பொதுக் குழாயில் தண்ணீருக்கு நிற்கும் வரிசையை போனுக்குள் கொண்டுவந்து, முறை வந்ததும் தெரிவிப்பது. குழாயடியில் நின்றே பள்ளி நேரம் போகிறது என்பது அவர்கள் அன்றாடம் அனுபவித்த குறை, அதையே செயலியாக்கினார்கள்.

இந்த உதாரணத்தை நான் எடுத்ததற்குக் காரணம் உண்டு. ஸ்மார்ட் கண்ணாடி வீடியோக்களில் காட்டப்படுவது நியூயார்க் வானிலையும், "இன்று நீங்கள் அழகாக இருக்கிறீர்கள்" என்ற வாழ்த்தும். கண்ணாடியில் எதைக் காட்டுவது என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் செய்யத் தொடங்குவதால்தான், மாட்டிய சில வாரங்களில் அது வெறும் கடிகாரமாகிவிடுகிறது.

மும்பை வீட்டுக்கு எதைக் காட்டுவது?

முதலில் தண்ணீர். மாநகராட்சிக் குழாயில் தண்ணீர் வரும் நேரம் பகுதிக்குப் பகுதி வேறு. மாட்டுங்கா எஃப் வடக்கு வார்டு, தாராவி ஜி வடக்கு, செம்பூரின் பெரும்பகுதி எம் மேற்கு. குழாய் வேலைக்காக ஒரு வார்டில் நாள் முழுக்கத் தண்ணீர் இல்லை என்ற அறிவிப்பு வரும்போது, வீட்டில் ஒருவர் பார்த்திருப்பார், மற்றவர்கள் காலையில் காலி வாளியோடு நிற்பார்கள்.

அடுத்தது ரயில். பாதைப் பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்தும் ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் அறிவிப்பில் மாட்டுங்கா–முலுண்டு என்ற சொற்கள் வராத மாதம் அரிது. செம்பூர்க்காரருக்கு ஹார்பர் லைன் கவலை தனி. எந்த வண்டி எங்கே வந்துகொண்டிருக்கிறது என்பதைக் கண்ணாடிக்குள் கொண்டுவரும் ஆசையை மட்டும் ஆரம்பத்தில் விட்டுவிடுங்கள். அதற்கு போனில் எம்-இண்டிகேட்டர் செயலி போதும்.

மூன்றாவது மழை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் பதிவான ஊர் இது. கிங்ஸ் சர்க்கிளிலும் ஹிந்துமாதாவிலும் முட்டியளவு தண்ணீரில் நடந்தவர்களுக்கு, மழையோடு கடல் ஏற்றமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஏற்றம் நாலரை மீட்டரைத் தாண்டும்போது கனமழை பெய்தால் வடிகால்கள் கடலுக்குள் தண்ணீரைத் தள்ள முடியாமல் திணறும். அத்தகைய நாட்களின் பட்டியல் மழைக்காலத்துக்கு முன்பே வெளியாகிவிடுகிறது.

இந்த மூன்றையும் காட்ட ஒரு வரி நிரல் வேண்டாம் என்பதுதான் இதில் சுவையான செய்தி. கூகுள் காலண்டரில் 'வீடு' என்று ஒரு நாட்காட்டி தொடங்குங்கள். கடல் ஏற்ற நாட்களை மே மாதக் கடைசியில் ஒரே மூச்சில் உட்கார்ந்து ஏற்றிவிடுங்கள். மெகா பிளாக்கை வாராவாரம் சேர்க்கும் பொறுப்பைக் கல்லூரிக்குப் போகும் பிள்ளையிடம் விடுங்கள். தண்ணீர் நேரம் தினமும் திரும்ப வரும் நிகழ்வு, ஒருமுறை எழுதினால் போதும். அந்த நாட்காட்டிக்கு ஒரு தனி முகவரி உண்டு, அதைக் கான்ஃபிக் கோப்பில் ஒட்டினால் கண்ணாடி தானாகப் படித்துக்கொள்ளும். வானிலைக்கு ஓப்பன்-மெட்டியோ என்ற சேவையைத் தேர்ந்தெடுத்தால் கணக்குத் தொடங்கும் வேலைகூட இல்லை, ஊரின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கொடுத்தால் போதும். வாழ்த்துத் தொகுதியில் காலை, மதியம், மாலை என்று தனித்தனிப் பட்டியல் இருக்கிறது. ஆங்கில வாழ்த்தை அழித்துவிட்டு, "கேஸ் மூடினாயா?" என்றோ "பாஸ் எடுத்தாயா?" என்றோ எழுதிக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் அழகைப் புகழ்வதைவிட இது உபயோகம்.

தமிழில் எழுதினால் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்ற குறைக்குக் காரணம், கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாதது. இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழை நிறுவினால் சரியாகிவிடும்.

கண்ணாடிக் கடையில்

வெளிநாட்டு வீடியோவில் "இருவழிக் கண்ணாடி வாங்குங்கள்" என்று ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள். இங்கே தெருக்கோடிக் கண்ணாடிக் கடையில் கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது ரிஃப்ளெக்டிவ் கிளாஸ், அதாவது அலுவலகக் கட்டடங்களின் முகப்பில் பதிக்கும் கண்ணாடி. நீலம், பச்சை, செம்பழுப்பு என்று சாயம் கலந்திருக்கும். எழுத்து தெரியும், ஆனால் முகம் நோயாளி முகம்போல இருக்கும். சாயம் இல்லாத இருவழிக் கண்ணாடி, அதாவது கடைப் பேச்சில் ஒன்வே கண்ணாடி, வேண்டும் என்று அழுத்திக் கேளுங்கள். கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். போனில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துள்ள படம் ஒன்றை வைத்துக்கொண்டு, கண்ணாடித் துண்டின் பின்னால் ஒட்டிப் பிடியுங்கள். இருபுறமும் திருப்பிப் பாருங்கள். எந்தப் பக்கம் முகமும் எழுத்தும் தெளிவோ, அதில் ஒரு துண்டு ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு எது முன்பக்கம் என்று குழம்பாமல் இருக்கும்.

இரண்டாவது வழி அக்ரிலிக். எடை குறைவு, கீழே விழுந்தாலும் சிதறாது, குழந்தைகள் உள்ள வீட்டுக்கு நல்லது. ஆனால் மெல்லிய அக்ரிலிக் வளையும், முகம் கோணலாகத் தெரியும், துணியால் அழுத்தித் துடைத்தால் கீறல் விழும். மும்பை மழைக்கால ஈரத்தில் அது இன்னும் கொஞ்சம் நெளியும்.

மூன்றாவது வழி ஆகச் சல்லிசு. சாதாரண ஜன்னல் கண்ணாடியின் மேல் முகக்கண்ணாடிபோல் பளபளக்கும் சன் ஃபிலிமை ஒட்டுவது. உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரல் 27 அன்று கார்க் கண்ணாடிகளில் ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று தீர்ப்பளித்த பிறகும், வீட்டு ஜன்னலுக்கான ஃபிலிம் தாராளமாகவே விற்கிறது. சோப்புத் தண்ணீர் தெளித்து, ரப்பர் தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே ஒட்ட வேண்டும். ஒரு தூசி உள்ளே போனாலும் அங்கே கொப்புளம் நிற்கும். பழகிய கையாக இருந்தால் அற்புதமாக வரும். இல்லையென்றால் கார் அலங்காரக் கடையில் ஒட்டித் தரச் சொல்வது புத்திசாலித்தனம்.

எதை எடுத்தாலும், இந்தக் கண்ணாடி பீரோக் கண்ணாடி அளவுக்குப் பளிச்சென்று இருக்காது. ஒளியில் ஒரு பங்கை உள்ளே விட்டுவிடுவதால் முகம் மங்கலாகத்தான் தெரியும். புருவம் திருத்தவும் சவரம் செய்யவும் பழைய கண்ணாடியைக் கழற்றிவிடாதீர்கள். வீட்டுப் பெண்கள் இந்த விஷயத்தில் சொல்லும் தீர்ப்பை ஆரம்பத்திலேயே கேட்டுவிடுவது பணத்தை மிச்சப்படுத்தும்.

இனி வெளிச்சம். திரை இருக்கும் பக்கம் முழு இருட்டாக வேண்டும். திரையைச் சுற்றி மிஞ்சும் இடத்தில் கறுப்புச் சார்ட் தாளையோ வெல்வெட் துணியையோ ஒட்டாவிட்டால், திரையின் விளிம்பு பெட்டிபோல் தெரிந்து மாயம் கலைந்துவிடும். முன்பக்கம் வெளிச்சம் மிதமாக இருக்க வேண்டும். செம்பூரின் கிழக்கு பார்த்த பால்கனிக்கு எதிர்ச் சுவரில் மாட்டினால் காலை வெயிலில் எழுத்து காணாமல் போய்விடும், அதுவும் நமக்கு அது தேவைப்படும் நேரத்தில். தாராவிச் சந்துக்குள், பகலிலும் டியூப்லைட் எரியும் கீழ்த்தள வீட்டில் இந்தப் பிரச்சினை இல்லை. நல்ல ஜன்னல் இல்லாத வீடே இதற்கு நல்ல இடம் என்பது கொஞ்சம் சங்கடமான உண்மை.

திரை

கிராண்ட் ரோடு ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் லாமிங்டன் ரோடு. டாக்டர் தாதாசாகேப் படக்கம்கர் மார்க் என்பது அதன் அரசாங்கப் பெயர். மும்பையில் மின்னணுப் பொருள் தேடுபவர் கடைசியில் வந்து நிற்கும் இடம். பழைய மானிட்டர் ஒன்றை அங்கே வாங்கலாம், அல்லது பழுதான லேப்டாப்பின் திரையை எடுத்து அதற்கேற்ற கன்ட்ரோலர் போர்டை வாங்கலாம். இரண்டாவதில் தடிமன் குறையும், சட்டம் அழகாக வரும். ஆனால் திரையின் முதுகில் அச்சிட்டுள்ள மாடல் எண்ணைக் காட்டாமல் போர்டு வாங்கக் கூடாது. பழைய திரைகளின் இணைப்பு எல்விடிஎஸ், புதியவற்றில் இடிபி. ஒன்றுக்கான போர்டு மற்றதில் ஏறாது.

மானிட்டர் வாங்குபவர் அதைக் கடையிலேயே நெட்டாக நிறுத்திப் பார்க்க வேண்டும். மலிவான டிஎன் வகைத் திரைகளைப் படுக்கை நிலையில் பார்த்தால் நன்றாகவே இருக்கும். நெட்டாக நிறுத்தினால் ஒரு பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு கறுப்பு சாம்பலாக வெளுக்கும். கறுப்பு வெளுத்தால் இந்தக் கண்ணாடியில் மிச்சம் எதுவும் இல்லை. ஐபிஎஸ் வகையில் இந்தக் குறை வெகு குறைவு.

மானிட்டரின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். உள்ளே 230 வோல்ட் வரும் மின்பகுதி இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும். எல்இடிக்கு முந்தைய மானிட்டர்களில் மெல்லிய குழல்விளக்குகள் உண்டு. அவற்றை எரியவைக்க நூற்றுக்கணக்கான வோல்ட் போகிறது, குழலுக்குள் பாதரசமும் இருக்கிறது. கோடிங் தெரியாததால் யாருக்கும் ஆபத்தில்லை, இது தெரியாவிட்டால் உண்டு. வெளியே அடாப்டர் உள்ள மானிட்டராகப் பார்த்து வாங்கினால் 230 வோல்ட் சட்டத்துக்குள்ளேயே வராது. எனக்குத் தெரிந்து ஆகச் சிறந்த பாதுகாப்பு ஆலோசனை அதுவே. கழித்த பழைய பாகங்களைக் குப்பையோடு போட்டால், அவை தாராவி 13ஆம் காம்பவுண்டு போன்ற இடத்தில் கையுறை இல்லாத ஒருவர் கைக்குப் போகும். மின்கழிவு சேகரிப்பவரிடம் முழுதாகக் கொடுப்பது நல்லது.

சட்டத்தை மிஸ்திரியிடம் விடுங்கள். இரண்டங்குல ஆழப் பெட்டி, மேலும் கீழும் காற்றுத் துளை, பின்பக்கம் திறந்து மூடும் பலகை என்று சொன்னால் போதும். கண்ணாடியின் எடை, சதுர மீட்டருக்கு ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் இரண்டரைக் கிலோ. இரண்டடிக்கு ஒன்றரை அடியில் நான்கு மில்லிமீட்டர் கண்ணாடி மட்டுமே மூன்று கிலோவை நெருங்கும், திரையும் மரமும் சேர்ந்தால் இரு மடங்குக்கு மேல். பதினொரு மாத ஒப்பந்த வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க உரிமையாளர் விடமாட்டார். மழையில் ஊறும் சுவர் துளைத்தாலும் தாங்காது. அலமாரி மேல் சாய்த்து வைக்கும்படி செய்துகொள்வதே நம் வீடுகளுக்குப் பொருந்தும்.

பழைய டேப்லெட் என்ற குறுக்கு வழி

இவ்வளவும் வேண்டாம் என்பவருக்கு ஒரு வழி இருக்கிறது, அதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். மேசை டிராயரில் தூங்கும் பழைய ஆண்ட்ராய்டு டேப்லெட், அதன் அளவுக்கு ஒரு துண்டு ஒன்வே கண்ணாடி, ஒரு போட்டோ சட்டம். கறுப்புப் பின்னணியில் கடிகாரமும் வானிலையும் காட்டும் செயலிகள் பிளே ஸ்டோரில் கிடைக்கின்றன. சார்ஜில் இருக்கும்போது திரை அணையாமல் இருக்க டெவலப்பர் ஆப்ஷனில் ஒரு பொத்தான் உண்டு. டெர்மினல் இல்லை, காற்புள்ளிச் சண்டை இல்லை. தாராவிச் சிறுமிகள் கற்ற ஆப் இன்வென்டரையே எடுத்து, தண்ணீர் நேரம் மட்டும் காட்டும் திரையை நாமே பொருத்திக்கொள்ளவும் முடியும். மணி பார்ப்பதற்கான பாகமும் எழுத்துப் பலகையும் அதில் தயாராக இருக்கின்றன.

குறைகளும் உண்டு. மிகப் பழைய ஆண்ட்ராய்டில் பல இணையச் சேவைகள் இப்போது திறக்காது. நாள் முழுக்க சார்ஜில் போட்டு மூடிய சட்டத்துக்குள் வைத்தால் மே மாத வெக்கையில் பேட்டரி உப்பும். உப்பிய பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது. காலையும் மாலையும் சில மணி நேரம் மட்டும் மின்சாரம் போகும்படி டைமர் பிளக் போடுங்கள், காற்றுத் துளை விடுங்கள், முதுகு புடைத்திருந்தால் அந்த டேப்லெட்டைத் தொடாதீர்கள். அமோலெட் திரையாக இருந்தால் கறுப்பு மெய்யாகவே கறுப்பு, கண்ணாடிக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் ஒரே இடத்தில் நிற்கும் கடிகாரம் நாளடைவில் அதில் தழும்பாகப் பதிந்துவிடும்.

செலவும் பராமரிப்பும்

மானிட்டரும் ராஸ்பெரி பையும் சேர்ந்து 25 வாட் என்று வைத்தால், இரவு பகலாக ஓடும் கண்ணாடிக்கு மாதம் 18 யூனிட் ஆகும். ஆறு மணி நேரம் மட்டும் என்றால் நாலரை யூனிட். ஆள் வந்தால் திரையை எழுப்பும் பிஐஆர் சென்சார் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. அதற்கான கூடுதல் தொகுதியை நிறுவுவது, கோடிங் இல்லாதவருக்கு இரண்டாம் வகுப்புப் பாடம் என்று வைத்துக்கொள்ளலாம். மின்சாரம் சட்டென்று போனால் மெமரி கார்டு கெட வாய்ப்புண்டு. 2020 அக்டோபர் 12 அன்று நகரமே இருண்டதுபோல அபூர்வமாகத்தான் மும்பையில் மின்தடை வரும். நம் வீட்டில் மின்தடை என்பது யாரோ போன் சார்ஜருக்காகப் பிளக்கைப் பிடுங்குவது. எல்லாம் சரியாக ஓடும் நாளில் கார்டை அப்படியே இன்னொரு கார்டில் நகலெடுத்துச் சட்டத்துக்குள் ஒட்டி வைப்பது, எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளைக் காப்பாற்றும்.

இன்னொன்றும் பேச வேண்டும். நாட்காட்டியின் தனி முகவரி சாவிக்குச் சமம், அதை வைத்திருப்பவர் யாரும் படிக்கலாம். உதவி கேட்டு கான்ஃபிக் கோப்பைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுமுன் அந்த வரியை அழித்துவிடுங்கள். கேமராவும் மைக்கும் வைத்து, முகம் பார்த்து ஆளை அடையாளம் காணும் கண்ணாடி செய்யலாம் என்பார்கள். உடை மாற்றும் இடத்தில் இருக்கும் பொருளுக்குள் கேமரா வேண்டாம். ஒரே அறையில் ஆறு பேர் வாழும் வீட்டில் கண்ணாடி எல்லோருக்கும் பொது. மகளின் டாக்டர் அப்பாயின்ட்மெண்டும் அப்பாவின் கடன் தவணையும் வந்து போகும் விருந்தாளிக்குத் தெரிய வேண்டியதில்லை. வீட்டுக்கென்று தனி நாட்காட்டி தொடங்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

துணைக்கு ஆள் வேண்டுமென்றால் தூரம் போக வேண்டாம். மாட்டுங்காவில் விஜேடிஐ, செம்பூரில் விவேகானந்த் கல்விக் கழகத்தின் பொறியியல் கல்லூரி இருக்கின்றன. பொறியியல் மாணவர்களுக்கு இது பழகிய சிறு புராஜெக்ட், எதிர் பிளாட்டிலேயே ஒருவர் இருப்பார். 2016 முதல் அடல் டிங்கரிங் லேப் பெற்ற பள்ளிகளில் ஆறாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகள் இத்தகைய மின்னணுப் பலகைகளைத் தொட்டுப் பழகுகிறார்கள். வைபவ் சாப்ரா 2013இல் மும்பையில் தொடங்கிய மேக்கர்ஸ் அசைலம், யாரும் வந்து கருவிகளை எடுத்துச் செய்து பார்க்கும் பொதுப் பட்டறையாக நெடுநாள் இருந்தது. பின்னர் கோவாவுக்குப் போய்விட்டது. அப்படி ஒரு பட்டறை தாராவி 90 அடிச் சாலையில் இருந்திருக்க வேண்டும். மரம், கண்ணாடி, உலோகம் எல்லாவற்றுக்கும் கைதேர்ந்தவர்கள் அந்தச் சந்துகளிலேயே இருக்கிறார்கள். மெமரி கார்டில் மென்பொருள் ஏற்றித் தரும் ஒருவரும் ஒரு மேசையும்தான் குறை. தமிழ்ச் சங்கங்களும் கோயில் மன்றங்களும் கோடை விடுமுறையில் இதை நடத்தலாம், பெரிய நிதி எதுவும் வேண்டாம்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ராஸ்பெரி பை வாங்க இப்போதே ஆர்டர் போடாதீர்கள். கண்ணாடிக் கடையில் ஒரு சிறு துண்டு வாங்கி, பழைய போனின் மேல் வைத்து, தண்ணீர் நேரத்தை மட்டும் காட்டவிட்டு ஒரு மழைக்காலம் வீட்டில் வைத்துப் பாருங்கள். வீட்டில் இருப்பவர்கள் அதைப் பார்த்து வாளி வைத்தால், அதன் பிறகு லாமிங்டன் ரோட்டுக்குப் போகலாம்.